நாங்கள் அனுப்பும் குச்சிகள் ஏன் வளைந்திருக்கின்றன?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அம்புத்தண்டு செய்வதற்காக எங்களிடம் முதல்முறை குச்சிக்கட்டு வாங்கியவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "குச்சிகள் லேசாக வளைந்திருக்கின்றனவே, நேராக அறுத்து அனுப்பக்கூடாதா?" சிலர் கட்டைத் திருப்பியும் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல்.

நேராக அறுத்துத் தர எங்களால் முடியும். ஆனால் ரம்பம் நாம் போட்ட கோட்டில்தான் ஓடும், மரத்தின் நார் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காது. நார் சாயும் இடத்தில் அதைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போய்விடும். வெளியே பார்த்தால் குச்சி அழகாக, நேராக இருக்கும். உள்ளே நார் பாதியிலேயே பக்கவாட்டில் முடிந்திருக்கும்.

நாண் தள்ளும் கணத்தில் மர அம்பு பக்கவாட்டில் நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போய், அப்புறம்தான் நிமிர்கிறது. நார் அறுந்த தண்டு அந்த நெளிவில் சாய்வாகப் பிளந்தால், கூரான பின்பாதி வில்லைப் பிடித்திருக்கும் கையில் பாயும். நான் பழகத் தொடங்கிய காலத்தில், கடையில் வாங்கிய உருண்டைக் குச்சியில் செய்த அம்பு ஒன்று அப்படித்தான் உடைந்தது. நல்லவேளை, கையில் படவில்லை. அந்தத் துண்டு இன்னும் பட்டறைச் சன்னலில் இருக்கிறது. ஒரு விரல் நீளத்துக்குச் சாய்ந்த முறிவு, நுனி ஊசி மாதிரி.

அதனால்தான் நாங்கள் மரத்தைப் பிளந்து குச்சியாக்குகிறோம். பிளக்கும்போது மரம் தன் நாரோடுதான் பிரியும். நார் கொஞ்சம் வளைந்தால் குச்சியும் வளையும். அந்த வளைவைச் சூடு காட்டி நிமிர்த்திவிடலாம், அறுந்த நாரை ஒட்டவைக்க வழியில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் நாங்கள் மிகவும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வளைவை இழைப்புளியால் சீவி எடுத்து நேராக்காதீர்கள். அப்படிச் செய்தால் ரம்பம் செய்யும் அதே தப்பை நீங்கள் கையால் செய்கிறீர்கள். வளைவு வளைவாகவே இருக்கட்டும். முதலில் குச்சியின் பருமனை மட்டும் முழு நீளத்துக்கும் ஒன்றாக்குங்கள், சுமார் 9.5 மி.மீ. சதுரமாக. அப்புறம் நான்கு மூலைகளையும் சீவி எட்டுப்பட்டை ஆக்குங்கள். ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய 4 மி.மீ. அகலம் வந்தால் சரியாக இருக்கிறது. பலகையில் நீளவாக்கில் ஒரு 'வி' பள்ளமும், முனையில் ஒரு தடுப்பும் இருந்தால் குச்சி உருளாமல் உட்காரும். எட்டைப் பதினாறு ஆக்கும் கட்டத்தில் கண்ணைவிட விரலை நம்புங்கள். குச்சியைக் கைக்குள் சுற்றிக்கொண்டே போனால் மேடு எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

சீவும்போது இழைப்புளி சொல்வதைக் கவனியுங்கள். நார் ஒத்துப்போகும் திசையில் சீவல் நீண்ட சுருளாக வரும், சத்தம் சன்னமாக இருக்கும். எதிர்த்திசையில் போனால் அலகு நாருக்குள் இறங்கி, கரகரவென்று பெயர்த்தெடுக்கும். உடனே நிறுத்திக் குச்சியைத் திருப்பிப் போடுங்கள். ஒரே குச்சியிலேயே பாதிக்கு ஒரு திசை, மீதிக்கு மறுதிசை என்று அமைவதும் உண்டு.

பட்டைகளைத் தேய்த்து உருண்டையாக்க உப்புத்தாள் போதும். ஆனால் அவசரப்படாதீர்கள். தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுகிறது. விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு போனால் விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே கொஞ்சம் பருமனாகவே நிறுத்தி, அளந்து பார்த்துத் தேயுங்கள். வில்லாளிகள் ஸ்பைன் என்று சொல்வது இந்த விறைப்பைத்தான். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்துத் தண்டைக் கிடத்துங்கள். நடுவில் 2 பவுண்டு, அதாவது சுமார் 907 கிராம், தொங்கவிடுங்கள். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26-ஐ வகுத்தால் ஸ்பைன் வந்துவிடும். அரை அங்குலம் தொய்ந்தால் 52. உங்கள் வில்லுக்கு எது பொருந்தும் என்பது இழுக்கும் நீளம், முனையின் எடை எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனால் ஒரு கட்டில் உள்ள எல்லாத் தண்டுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்புகள் ஓரிடத்தில் சேராது.

இனி நிமிர்த்துவது. வளைந்த இடத்தைச் சூடான காற்றில் காட்டுங்கள். தொட்டால் கை தாங்கும் எல்லையில் சூடு இருந்தால் போதும், மரம் கருகக்கூடாது. நேர்கோட்டைத் தாண்டிச் சற்று எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். ஒரே மூச்சில் முடியாது, இரண்டு மூன்று முறை ஆகும். மறுநாள் கொஞ்சம் திரும்பிக்கொண்டால் கவலைப்பட வேண்டாம், மறுபடி காட்டுங்கள். எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசிய பிறகு ஈரம் ஏறி மறுபடி வளைவது அவ்வளவு சீக்கிரம் நடக்காது.

நாண் உட்காரும் வெட்டை, தண்டின் முனையில் தெரியும் ஆண்டு வளையக் கோடுகளுக்குக் குறுக்கே வெட்டுங்கள். கோட்டோடு வெட்டினால் நாணே ஆப்பு மாதிரி தண்டைப் பிளந்துவிடும். அடுத்த கட்டுகளிலிருந்து அந்தத் திசையைப் பென்சிலால் குறித்தே அனுப்புகிறோம்.

விலை உயர்ந்த மரம் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த அம்புகளில் பெரும்பாலானவை சாதாரணப் பாப்லர் மரத்தில் செய்தவை. நார் நேராக ஓடினால் பைன், ஸ்ப்ரூஸ் எல்லாமே நன்றாக வரும்.

எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் கண்ணில் பட்டாலோ சடசடவென்று கேட்டாலோ இரண்டாக ஒடித்துவிடுங்கள், வேறு யாரும் தெரியாமல் எடுத்து எய்துவிடக்கூடாது.

உங்களிடம் உள்ள குச்சியில் நார்க்கோடுகள் முனையிலிருந்து முனைவரை ஓடி, வளைவு மட்டும் இருந்தால், ஒன்றையாவது நிமிர்த்திப் பாருங்கள். கோடு பாதியில் பக்கவாட்டில் இறங்கினாலோ நடுவில் கணு இருந்தாலோ அது எங்கள் தவறு. படம் எடுத்து அனுப்புங்கள், வேறு குச்சி தருகிறோம். வளைவுக்காகக் கட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்னால் அதே கட்டை மறுபடி அனுப்பிவைக்கிறோம், அனுப்பும் செலவு எங்களுடையது.

அன்புடன்,
பட்டறையிலிருந்து