மலையைத் திருப்பி வைத்த மனிதர்

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காப் படம் கசங்காமல் வந்து சேர்ந்தது. 1991-இல் அச்சான தாள், ஓரம் லேசாகப் பழுத்திருக்கிறது, அவ்வளவுதான். அம்மா ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டச் சொல்கிறாள். நான் இன்னும் மேஜையை விட்டு எடுக்க விடவில்லை.

இது மேப்பா, ஓவியமா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. ரெண்டும்தான். வரைந்தவர் ஹைன்ரிக் பெரான், 1915-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் பிறந்தவர். இருபது வயது ஆகும் முன்பே, 1934-இல், அந்த நாட்டின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலைக்குப் படம் வரையும் போட்டியில் ஜெயித்தார். 48 கிலோமீட்டரில் 36 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தச் சாலை திறந்ததே அடுத்த வருஷம்தான். அன்றைக்குப் பிடித்த தொழிலைக் கடைசிவரை விடவில்லை. நம் இந்தியப் பெருங்கடலின் அடித்தரையை, தண்ணீரை மொத்தமாக இறைத்துவிட்டுப் பார்த்த மாதிரி, 1967-இல் நேஷனல் ஜியோகிராஃபிக்குக்கு வரைந்து கொடுத்ததும் இவர்தான்.

படம் தெற்கே பார்த்து வரைந்தது, அதனால் பூங்காவுக்குத் தெற்கே இருக்கும் டீட்டன் மலைகள் மேலே, தொலைவில் வரும். அந்தத் தொடர் வடக்கு தெற்காக ஓடுகிறது. வடக்கே நின்று பார்த்தால் ஒன்றின் முதுகில் ஒன்று ஒளிந்து, சும்மா ஒரு குவியலாகத்தான் தெரிய வேண்டும். மனிதர் மொத்தத் தொடரையும் திருப்பி, எல்லாருக்கும் பழகிய கிழக்கு முகத்தை நம் பக்கம் காட்டிவிட்டார்! அப்புறம் தாளின் கீழ்ப்பாதியைப் பார், நேர் மேலிருந்து குனிந்து பார்ப்பது போல் இருக்கும். மேலே போகப் போகப் பார்வை சாய்ந்து கடைசியில் அடிவானத்தைத் தொடும். கிட்டே இருப்பது மேப், எட்டே இருப்பது காட்சி. ரெண்டும் எங்கே ஒட்டுகிறது என்று லென்ஸ் வைத்துத் தேடினேன், பிடிபடவில்லை.

சர்வே ஆபீஸில் எஃப்.எம்.பி., அதாவது நிலத்தின் எல்லையை அளந்து காட்டும் புலப்படம், வரைந்தே காலம் தள்ளியவன் நான். ஒரு எல்லைக் கல்லை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டாலும் தாள் திரும்பி வந்துவிடும், அப்படிப்பட்ட எனக்கு இதைப் பார்த்துக் கோபம்தான் வர வேண்டும். வரவில்லை. பார்க்குக்கு வருகிறவன் பட்டாவுக்கா அளக்கப் போகிறான்? நேரில் நின்றால் எந்த மலை எது என்று அடையாளம் தெரிந்தால் போதும் அவனுக்கு.

வெளியிட்டது அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை. பூங்காக்களில் கையில் கொடுக்கும் மடிப்பு மேப்பெல்லாம் அவர்களுடைய ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி மையத்தில்தான் தயாராகிறது. அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, இருந்தும் எழுபதைத் தாண்டிய கிழவரை ஆஸ்திரியாவில் தேடிப்பிடித்து நாலு பூங்காக்களை வரைய வைத்தார்கள் பார், அந்த அதிகாரிகளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஜூனில் நீங்கள் அங்கே போகும்போது இதை நம்பி நடக்கக் கிளம்பிவிடாதீர்கள். இஞ்சுக்கு இஞ்ச் அளவு மாறுகிற படம், தூரம் எதுவும் இதில் பார்க்க முடியாது; நடைக்கு ஒழுங்கான டோப்போ ஷீட், அதாவது மேடு பள்ளத்தை அளவோடு காட்டும் மேப், ஒன்று வாங்கிக்கொள். மீதி மூன்றையும், அதாவது நார்த் கேஸ்கேட்ஸ், யோசெமிட்டி, டெனாலி, எனக்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பூங்காத் துறையே நல்ல ஸ்கேனாக இலவசமாகக் கொடுக்கிறது. டெனாலியை மட்டும் நீ வரும்போது பெரிய தாளில் பிரிண்ட் போட்டு, மடிக்காமல் குழாயில் சுருட்டிக் கொண்டுவா.

அன்புடன்,
அப்பா