வேலி போட்ட ஹியூம்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மூட்டுவலி விட்டபாடில்லை. நடமாட்டம் குறைந்ததும் படிப்பு கூடிவிட்டது. கொஞ்ச நாளாக ஏ.ஓ. ஹியூமைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

1885-இல் காங்கிரஸைத் தொடங்கிய வெள்ளைக்காரர் என்பதோடு பள்ளிக்கூடத்தில் அவரை முடித்துவிட்டார்கள். அதற்கு முன் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர் அவர். தாலுகா ஆபீஸில் காலம் தள்ளியவன் நீ, உனக்கு இந்தக் கதை ருசிக்கும்.

1849-இல், இருபது வயதில் வந்தார். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கிற எட்டாவா ஜில்லாவில் இலவசப் பள்ளிக்கூடங்கள் திறந்தார். சாராய வருமானம் பாவக் காசு என்று மேலிடத்துக்கே எழுதினார். சரி, நல்ல கலெக்டர் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். 1867-இல் அவரைச் சுங்க கமிஷனராகப் போட்டார்கள். அங்கேதான் இடித்தது.

வரி கட்டாத உப்பு உள்ளே வராமல் தடுக்க, சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைலுக்கு ஒரு சுங்கக் கோடு. காவலுக்கு ஏறக்குறைய 12,000 பேர். அதில் பல பகுதிகளில் உயிர்வேலி: கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி. நன்றாக வளர்ந்த இடத்தில் பத்துப் பதினாலு அடி உயரம். முன்பு காய்ந்த முள்ளை அடுக்கி வைத்திருந்தார்கள். கரையான் அரிக்கும், தீப்பிடிக்கும், காற்றில் பறக்கும். ஹியூம் எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்று சோதித்துப் பார்த்து, நல்ல மண் அடித்து, தண்ணீர் பாய்ச்சி வளர்த்தார். ஏழையின் கஞ்சிக்குப் போகிற உப்பை மறிக்க இத்தனை அக்கறை! பிறகு ராஜபுதன (இன்றைய ராஜஸ்தான்) உப்பளங்கள் சர்க்கார் பிடிக்குள் வந்ததும் வரியை அங்கேயே வாங்கிவிடலாம், வேலிக்கு வேலையில்லை. 1879-இல் கைவிட்டார்கள்.

அதே வருஷம் அவரையும் கைவிட்டார்கள். வருவாய், விவசாயத் துறைச் செயலாளராக இருந்தவர், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். தூக்கி அலகாபாத்தில் போட்டார்கள். கங்கை ஓடுகிற ஊர்தான், ஆனாலும் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுகிற கணக்குதான். 1882-இல் ஓய்வு பெற்றார்.

இத்தனைக்கும் நடுவே பறவைப் பைத்தியம் வேறு. சிம்லா வீட்டில் பாடம் செய்த பறவைகளும் முட்டைகளுமாகச் சேர்த்தது 80,000-க்கு மேல். இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூல் எழுத இருபத்தைந்து வருஷக் குறிப்புகள் வைத்திருந்தார். குளிர்காலத்தில் அவர் ஊரில் இல்லாதபோது, வேலைக்காரன் அந்தக் காகிதக்கட்டுகளைக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டான்! மனம் விட்டுப்போய், சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். தேவதாரு மரப்பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றினார்கள். அதுவும் 1885-இல்தான். டிசம்பரில் காங்கிரஸின் முதல் கூட்டத்துக்குப் பம்பாயில் 72 பேர் கூடினார்கள். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் 'ஹிந்து' பத்திரிகை ஜி. சுப்பிரமணிய ஐயர்.

வெள்ளைக்கார ஆட்சி மேல் ஜனங்களுக்கு இருந்த கோபத்தைத் தணிக்கத்தான் ஹியூம் காங்கிரஸைத் தொடங்கினார் என்பார்கள். எனக்கு அவ்வளவு சூழ்ச்சிக்காரராகத் தெரியவில்லை. கையில் எதைக் கொடுத்தாலும் அதில் மூழ்கிப்போகிற சுபாவம். பள்ளிக்கூடமானாலும் முள்வேலியானாலும் ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்லி வேலியை மன்னிக்க முடியுமா? பிடிக்காத உத்தரவையும் கச்சிதமாக முடித்துவிட்டு ராத்திரி என்னிடம் வந்து புலம்புவாயே, நீ சொல்.

அப்புறம், பென்ஷன் அரியர்ஸ் வந்ததா? இங்கே இன்னும் வரவில்லை.

அன்புடன்,
ராமலிங்கம்