கூடங்களில் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் நம்மவர்கள் நடத்தும் சமுதாயக் கூடங்களையும் பள்ளி அரங்குகளையும் புதுப்பிக்கும் குழுவினர், கிரானைட் தரைக்கும் கண்ணாடி முகப்புக்கும் செலவிடும் தொகையில் சிறு பங்கையாவது, உள்ளே பேசுவது எல்லோர் காதிலும் தெளிவாக விழுவதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அண்மையில் புதுப்பித்த கூடமொன்றில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். தரை கிரானைட், சுவரில் தோளுயரத்துக்கு டைல்ஸ், தெருப்பக்கம் முழுவதும் திறக்க முடியாத கண்ணாடி. 'வால்', 'வாள்', 'வாழ்' என்று அடுத்தடுத்துச் சொன்னால், முன்வரிசைப் பிள்ளைகள் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார்கள். கடைசி வரிசையில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் இப்பிள்ளைகளில் பலருக்கு, வீட்டுக்கு வெளியே தமிழைக் காதால் கேட்டுப் பழக வேறு இடமில்லை. அவர்கள் நாவில் குறையொன்றும் இல்லை. வழவழப்பான பரப்புகள் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால், முன்னே சொன்ன உயிரொலி அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்து வரும் மெல்லிய மெய்யொலி அதில் அமிழ்ந்துபோகிறது. ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடுகிறது.

1895இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கிலும் இதே புகார் எழுந்தது. ஒரு சொல் சொன்னால் அது அடங்க 5 விநாடிக்கு மேலானது. வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர், பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து வரச் செய்து, மெத்தை கூடக்கூட ஒலி அடங்கும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அவர் கண்ட சூத்திரத்தால், கூடத்தின் கன அளவும் உள்ளே பதிக்கும் பொருள்களும் தெரிந்தால் ஒலி அடங்கும் நேரத்தைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுவிட முடியும். இன்று அமெரிக்கத் தரவிதி சாதாரண வகுப்பறைக்கு அனுமதிப்பது 0.6 விநாடிதான்.

வெளியே போன ஒலி திரும்பி வராது என்பதால், சபைன் தம் கணக்கில் முழு உறிஞ்சலுக்கு அளவாகக் கொண்டது திறந்த சன்னலை. குளிரூட்டாமலே ஆண்டின் பெரும்பகுதி உட்காரக்கூடிய இந்த ஊரில், சுவரையே கண்ணாடியால் அடைப்பது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. பன்னார்கட்டா சாலையில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த இந்திய மேலாண்மைக் கழகத்தைப் பாருங்கள்: சொரசொரப்பான கருங்கல் சுவர்கள், வானம் தெரியும் உயர்ந்த நடைகூடங்கள், இடையிடையே முற்றங்கள். அவ்வளவு பரந்த இடம் நமக்கு வாய்க்காது. ஆனாலும் வண்டிச் சத்தம் வராத பின்பக்கத்தில் திறக்கக்கூடிய சன்னல்கள் வைக்க இடமிருக்கும்.

ஏற்கெனவே கட்டி முடித்த கூடங்களில், மேடைக்கு எதிரே உள்ள பின்சுவரில் துணி போர்த்திய ஒலி உறிஞ்சும் பலகைகளையும், கண்ணாடிக்கு முன்னால் கனத்த திரைகளையும் பொருத்தலாம். இனிக் கட்டுபவர்கள், ஒலி அடங்கும் நேரம் எவ்வளவு என்ற கணக்கை வரைபடத்தோடு சேர்த்துத் தரும்படி கட்டடக் கலைஞரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பணிக்கு ஒப்புதல் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.