அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வரிப் பக்கத்தில், சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கு அலுவலகம் தரும் சான்றிதழைப் பற்றி, ‘படிவம் 16 ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும், ஜூனில் தராமல் இழுத்தடிப்பது அலுவலகத்தின் சோம்பேறித்தனம்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்றும் சேர்த்து எழுதியிருந்தால், சம்பளக் கணக்கு பார்க்கிற எங்களுக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

தங்களுக்குத் தெரியாததல்ல. 2024–25 நிதியாண்டின் நான்காம் காலாண்டு 24க்யூ, அதாவது சம்பளத்தில் பிடித்த வரிக்கான காலாண்டு அறிக்கை, தாக்கலுக்குக் கடைசி நாள் மே 31. ஊழியர் கையில் படிவம் 16 தரக் கடைசி நாள் ஜூன் 15. நடுவில் பதினைந்தே நாள். படிவத்தின் ‘ஏ’ பகுதியை அலுவலகத்தில் உட்கார்ந்து டைப் அடித்துத் தர முடியாது. தாக்கல் செய்த அறிக்கையைத் துறை பரிசீலித்து முடித்த பிறகு டிரேசஸ் என்ற வருமான வரித் துறைத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். அங்கே அறிக்கையின் டோக்கன் எண், வரி கட்டிய ஒரு சலானின் பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), தேதி, வரிசை எண், தொகை, அந்தச் சலானில் உள்ள மூன்று பேரின் பான், அவரவர் பிடித்தம் எல்லாம் கேட்பார்கள். ஒரு ரூபாய் பிசகினாலும் கதவு திறக்காது.

அதற்கு முந்தைய கூத்து வேறு. 24க்யூ அறிக்கையில் முழு ஆண்டுச் சம்பள விவரம் கேட்கும் இரண்டாம் இணைப்பு நான்காம் காலாண்டில் மட்டும்தான் வரும். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டியவர் வீட்டுக்காரரின் பான் தராமல் ரசீதை மட்டும் நீட்டுவார். நடுவில் சேர்ந்தவர் பழைய கம்பெனிச் சம்பளத்தைச் சொல்லும் 12பி படிவத்தைக் கண்ணில் காட்ட மாட்டார். பழைய வரிமுறை கேட்டவருக்கு, ‘புதிய முறையிலிருந்து விலகுகிறாரா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று விழுந்துவிட்டால் கணக்கே மாறிப்போகும்.

பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று தங்கள் கட்டுரையாளர் பார்த்ததுண்டா? ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து என்ற அமைப்பு சரியாக இருந்தால் அறிக்கையைச் சரிபார்க்கும் எஃப்வியூ மென்பொருள் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். அப்படி ஒரு பான் உண்மையில் இல்லையென்றால், பரிசீலனையில் 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று பாக்கி காட்டி நோட்டீஸ் வரும். இருந்துவிட்டால் இன்னும் மோசம், வரி இன்னொருவர் கணக்கில் போய் உட்காரும். உரியவரின் 26ஏஎஸ், அதாவது அவர் பெயரில் வரவான வரியைக் காட்டும் அறிக்கை, காலியாக இருக்கும். அவர் எங்கள் மேஜை முன் நிற்பார். ஏற்கெனவே தாக்கல் செய்த விவரங்கள் அடங்கிய கான்சோ ஃபைலை வாங்கித் திருத்த அறிக்கை போட்டு, அது ஏறும்வரை அவருக்குப் பதில் சொல்வது யார்? சோம்பேறிகளான நாங்கள்தான்.

இது முதல் தடவையும் இல்லை. தங்கள் ஆண்டு நாட்காட்டியில், பிடித்த வரியைக் கட்ட 30ஆம் தேதி வரை அவகாசம் என்று போட்டிருந்தீர்கள். அது மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும், ஏப்ரல் 30 வரை. மற்ற மாதங்களுக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி. ஜனவரி 31 அன்று பிடித்த 40,000 ரூபாயை பிப்ரவரி 8 அன்று கட்டினால் தாமதம் ஒரு நாள்தான். ஆனால் ஜனவரி ஒன்று, பிப்ரவரி ஒன்று என இரண்டு மாதத்துக்கு, மாதம் ஒன்றரை சதவீதம் வீதம் வட்டி, 1,200 ரூபாய். நாட்காட்டியை நம்பி 30ஆம் தேதி வரை காத்திருந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

அதற்கும் முந்தைய பெட்டிச் செய்தியில் நிதியாண்டும் மதிப்பீட்டு ஆண்டும் ஒன்றாகவே அச்சாகியிருந்தன. 2024–25 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025–26. சலானில் இதை மாற்றிப் போட்டால் வீண் குழப்பம். அறிக்கையைத் தாமதமாகத் தாக்கல் செய்வதற்கான கட்டணமும் தாங்கள் எழுதியதுபோல மொத்தமாக 10,000 இல்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 234ஈ-படி நாளுக்கு 200 ரூபாய், வரித் தொகையைத் தாண்டாது. 10,000 முதல் 1 லட்சம் வரை என்பது அதே சட்டத்தின் பிரிவு 271எச்-இன் கீழ் வரும் தனி அபராதம்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டியில் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 என நான்கு தாக்கல் தேதிகளையும், ‘மாதம்தோறும் 7, மார்ச்சுக்கு மட்டும் ஏப்ரல் 30’ என்ற வரியையும் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களின் சம்பளக் கணக்கு பார்க்கும் ஒரு வாசகர்