அச்சுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை: ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்தும் பெற்றோருக்குத் திறந்த மடல்

பெங்களூரில் நம் குடியிருப்பின் தமிழ் வகுப்பைச் சொந்த நேரத்தைக் கொடுத்து நடத்திவரும் பெற்றோர் அனைவருக்கும்,

வணக்கம். அடுத்த மாதம் பிள்ளைகளை மரம் பார்க்கக் கூட்டிப்போக 40 அட்டைகள் தயாராகின்றன என்று கேள்விப்பட்டேன். மனசு நிறைந்தது. கூடவே, "தமிழ்ப் பெயர் மட்டும் போதும், லத்தீனில் இருக்கும் அறிவியல் பெயரெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொள்ளட்டும்" என்று முடிவு செய்திருப்பதும் தெரிந்தது. அந்த முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவள் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

போன முறை பூங்காவில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மரத்தடியில் இருந்த கன்னடப் பலகையை எழுத்துக்கூட்டி, "அரளி" என்று சத்தமாகப் படித்தான். கூட வந்த அம்மா ஒருவர், "ஐயோ, விஷம்டா, கீழே போடு" என்று பதறி, அவன் பொறுக்கி வைத்திருந்த இலைகளைத் தட்டிவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நமக்கு அரளி என்றால் விஷம்தான். ஆனால் கன்னடத்தில் அரளி என்பது அரச மரம். கீழே விழுந்தவை நுனியில் வால் நீண்ட அரசிலைகள். நான் எடுத்துச் சொன்ன பிறகும் அந்தப் பிள்ளை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு மொழிக்கு நடுவில்தான் இப்படி ஆகும் என்றில்லை. நம் மதிலோரம் ஒல்லியாக நெடுநெடுவென்று நிற்கும் மரத்தை 'அசோகா' என்கிறோம், உங்கள் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கிறது. அது நெட்டிலிங்கம், சீத்தாப்பழக் குடும்பம். உண்மையான அசோகு ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், தட்டையான நெற்று விடும், அவரைக் குடும்பம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அசோகப் பட்டைக்குப் பதில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்பது நாட்டு மருந்து வியாபாரத்தில் பழைய கதை. பேர் குழம்பினால் மருந்தும் குழம்பும்.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இதே தலைவலிதான். அப்போது செடியின் பெயர் என்பது ஒரு முழு வர்ணனை. தக்காளிக்கு, 'முள்ளில்லாத மென்தண்டும் வெட்டுப்பட்ட சிறகிலையும் கொண்ட சொலானம்' என்கிற மாதிரி ஒரு பெயர் இருந்தது (சொலானம் என்றால் கத்தரி இனம்). சுவீடன்காரர் கரோலஸ் லின்னேயஸ் 1753-இல் தனக்குத் தெரிந்த செடிக்கெல்லாம் இரண்டே சொல்லில் பெயர் வைத்தார். 1758-இல் விலங்குகளுக்கும் அப்படியே செய்தார். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நம் இனிஷியலே போதும். அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் இனிஷியல் ஒன்று, பேர் வேறு. அரசு ஃபைக்கஸ் ரிலிஜியோசா, ஆல் ஃபைக்கஸ் பெங்காலென்சிஸ், அத்தி ஃபைக்கஸ் ரசிமோசா. மூன்றின் இலைக்காம்பையும் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், வெள்ளைப் பால் வடியும். அப்புறம் பலா இலையைக் கிள்ளட்டும், அதிலும் பால். பேரினம் வேறு, குடும்பம் ஒன்று. வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம் என்று மேலே போகும் படிகள் இப்போதைக்கு வேண்டாம். சிற்றினம், பேரினம், குடும்பம் என்ற இந்த மூன்று படி போதும்.

லின்னேயஸ் சொன்னதெல்லாம் நிற்கவில்லை. மகரந்தத் தாள்களை எண்ணிப் பூச்செடிகளை வகுப்புகளாகப் பிரித்தார். எண்ணிக்கை ஒத்துப்போனதால் சம்பந்தமில்லாதவை ஒரே வகுப்பில் சேர்ந்தன, அந்த முறை கைவிடப்பட்டது. 1859-இல் டார்வின் வந்து, வகைப்பாடு என்பது வம்சாவளியாக இருக்க வேண்டும் என்று காட்டினார். இன்று டிஎன்ஏ பார்த்து உறவை முடிவு செய்கிறார்கள். உங்கள் பட்டியலில் காளான் 'செடிகள்' தலைப்பில் இருக்கிறது. லின்னேயஸும் அங்கேதான் வைத்தார். 1969-இல் அமெரிக்கச் சூழலியல் அறிஞர் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கொடுத்தார். காளான் வெயிலில் உணவு தயாரிப்பதில்லை, மட்கியதைத் தின்று வாழ்கிறது. தயவுசெய்து அதைத் தனி அட்டையாக்குங்கள்.

லத்தீன் நமக்கு அந்நியம் என்று ஒருவர் சொன்னாராம். நம் வாசலில் இருக்கும் புங்க மரத்தைப் பாருங்கள். கன்னடத்தில் ஹொங்கே, மலையாளத்தில் பொங்கம், அறிவியலில் பொங்கேமியா பின்னாட்டா. பேரினப் பெயரே நம் பக்கத்துச் சொல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற லத்தீன் நூல், கேரளத்துச் செடிகளை அவற்றின் உள்ளூர்ப் பெயரோடு பதிவு செய்தது. அதற்கு விவரம் தந்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். லின்னேயஸ் அந்தத் தொகுதிகளைப் பயன்படுத்தினார். புங்கத்துக்கு அவர் முதலில் வைத்த பேரினம் வேறு. பிறகு பொங்கேமியா ஆயிற்று, நடுவில் மில்லெட்டியாவுக்கும் மாற்றினார்கள். ஆனால் சிறகுபோன்ற இலை என்று பொருள்படும் 'பின்னாட்டா' மட்டும் கூடவே வந்தது.

நம்மிடமே பழைய வகைப்பாடு உண்டு. வெளியே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளது புல், உள்ளே வயிரம் உள்ளது மரம் என்கிறது தொல்காப்பியம். அதன்படி பனை புல். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலை, அதாவது முளைக்கும்போது ஒரே விதையிலை விடும் பிரிவில்தான் சேர்க்கிறது. இதைக் காட்டி, "எல்லாம் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று பெருமை பேச வேண்டாம். டிஎன்ஏ தெரியாத காலத்தில் மரத்தை வெட்டி, எங்கே கெட்டி என்று தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். அப்படித் தொட்டுப் பார்க்கத்தான் நம் பிள்ளைகளும் வர வேண்டும்.

ஆகவே அட்டையில் நான்கு வரி கேட்கிறேன்: தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், அறிவியல் பெயர், குடும்பம். மரங்களை அகர வரிசையில் காட்டாமல் குடும்பம் குடும்பமாகக் காட்டுங்கள். பலகை வைப்பதானால் மரத்தில் ஆணி அடிக்காமல் பக்கத்தில் குச்சி நட்டு வையுங்கள். 40 அட்டைக்கும் விவரம் எழுதி வியாழக்கிழமைக்குள் நானே கொண்டுவந்து தருகிறேன். அந்தப் பையனையும் அவன் அம்மா சம்மதித்தால் என்னோடு அனுப்புங்கள். முதல் அட்டையை அரச மரத்தடியில் அவனே படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தாவரவியல் டீச்சர்