ஆக்சிஜனுக்கும் அளவு எழுதுங்கள்

அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ வார்டில் பணிபுரியும் செவிலியர் ஒருவரின் மடல் இது. கேட்க வந்தது ஒன்றுதான். ஆக்சிஜன் வைக்கச் சொல்லும்போது, அந்த நோயாளியின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் நிற்க வேண்டும் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

ஆக்சிஜன் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. வேறு எந்த மருந்தையும் அளவில்லாமல் நீங்கள் எழுதுவதில்லை. ஃப்ரூசமைடு ஊசி என்றால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதெல்லாம் இருக்கும். ஆக்சிஜன் மட்டும் பல கேஸ் ஷீட்டுகளில் 'ஆக்சிஜன் வைக்கவும்' என்பதோடு முடிந்துவிடுகிறது. எத்தனை லிட்டர், மூக்குக் குழாயா மாஸ்க்கா, எப்போது குறைப்பது என்பதெல்லாம் அந்த ஷிஃப்டில் இருப்பவரின் ஊகத்துக்கு வந்துவிடுகிறது.

நிமோனியா நோயாளிக்கு இதனால் உடனே பெரிய கெடுதல் வராமல் போகலாம். எனக்குப் பயம் சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளை நினைத்துத்தான். பீடி பிடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் மட்டுமல்ல அவர்கள். பீடியைத் தொட்டே அறியாமல், ஆயுள் முழுக்க விறகடுப்பின் முன் உட்கார்ந்த பெண்களும் எங்கள் கட்டில்களில் இருக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வரும் அந்த அம்மாவுக்கு மாஸ்க் போட்டு 10 லிட்டர் திறந்துவிட்டால் சாச்சுரேஷன் 99 காட்டுகிறது. வீட்டாருக்கு நிம்மதி. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கலாம். விரலில் மாட்டும் கருவிக்கு அது தெரியாது. பின்னிரவில் நோயாளி அமைதியாகிவிடுவார். "இப்பதான் நல்லாத் தூங்குறாங்க, சிஸ்டர்" என்பார் மகள். தலைவலி, முகச் சிவப்பு, நீட்டிய கையில் படபடக்கும் நடுக்கம் ஆகியவற்றைத் தேடிப் பார்க்கத் தெரிந்தவருக்கே அது தூக்கம் அல்ல என்று புரியும்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வை நீங்களும் அறிவீர்கள். சிஓபிடியாக இருக்கலாம் என்று கருதப்பட்டு, மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 405 பேரில், அதிக அளவு ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதமும், சாச்சுரேஷன் 88 முதல் 92-க்குள் நிற்கும்படி அளந்து பெற்றவர்களில் 4 சதவீதமும் இறந்தார்கள். இத்தகைய நோயாளிகளுக்கு 88–92, மற்ற பெரும்பாலோருக்கு 94–98 என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் 2008 முதலே சொல்கிறது.

எண் எழுதியிருந்தால் எங்கள் வேலையே மாறிவிடும். 88–92 என்று எழுதியவருக்குச் சாச்சுரேஷன் 96-க்கு ஏறினால் ஒவ்வொரு லிட்டராகக் குறைத்து, சில நிமிடம் நின்று பார்ப்போம். சட்டென்று கழற்றமாட்டோம், அப்படிக் கழற்றினால் முன்பிருந்ததைவிடக் கீழே சரிந்துவிடும். மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் தரும் நெபுலைசரை ஆக்சிஜனில் அல்லாமல் சாதாரணக் காற்றில் ஓட்டுவோம். வேறு வழியின்றி ஆக்சிஜனில் ஓட்டினாலும் ஆறு நிமிடத்தில் நிறுத்துவோம். உடனிருப்பவர்கள் பாசத்தில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோமீட்டரைத் திருகி ஏற்றிவிடும்போதும், "டாக்டர் எழுதிய அளவு இது" என்று கட்டில் தலைமாட்டுத் தாளைக் காட்ட முடியும். வெறும் வாய்வார்த்தைக்கு அந்தப் பலம் இல்லை.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியவையும் உண்டு. மூச்சு எண்ணிக்கையைக் கண்ணால் பார்த்து 20 என்று எழுதிவிடாமல் முழு நிமிடம் எண்ண வேண்டும். கருவியை மட்டும் நம்பவும் கூடாது. கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு நம் ஊருக்கும் பொருந்தும். கழுத்துத் தசை இழுக்க, வாக்கியத்தை முடிக்க முடியாமல் தவிப்பவரிடம் கருவி 93 காட்டினாலும் உங்களை அழைப்போம். நள்ளிரவில் அழைப்பதைத் தொந்தரவாக எண்ணாதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் ரத்த வாயுப் பரிசோதனை இல்லாமல் எப்படி எண் எழுதுவது என்று கேட்பீர்கள். எல்லா இரவும் எல்லா மருத்துவமனையிலும் அது கிடைப்பதில்லை என்பது உண்மை. பழைய சீட்டும் நோய் வரலாறும் சிஓபிடி என்று சொன்னால் 88–92 என்றே தொடங்குங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

நாளைக் காலை ரவுண்ட்ஸிலேயே தொடங்கலாம். "சாச்சுரேஷன் 88–92. மூக்குக் குழாயில் 1 லிட்டரில் தொடங்கவும். 88-க்குக் கீழே போனாலோ, தூக்கக் கலக்கம் கூடினாலோ டூட்டி டாக்டரை அழைக்கவும்." இந்த மூன்று வரியும் உங்கள் கையெழுத்தும் போதும்.

இப்படிக்கு,
மருத்துவ வார்டுச் செவிலியர் ஒருவர்