பல மொழி மென்பொருளும் தரச் சோதனைக் கருவிகளும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். தரச் சோதனைக் குழுவின் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதை உங்கள் கடிதத்தால் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் கலந்த மென்பொருளுக்கு ஒரே கருவி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் சில காலமாக இதையே ஆராய்ந்து வருவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1978-இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய லின்ட், நிரலை ஓட்டாமலே படித்துப் பிழைகளைத் தேடும் கருவி; அது சி மொழிக்கு மட்டுமே உரியது. அந்த ஒரு மொழியின் நெளிவுசுளிவுகளை அறிந்திருந்ததே அதன் வலிமை. பல மொழிகளுக்கும் பொதுவான கருவியைச் செய்ய முனைபவர் இந்த வலிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பல மொழிகளுக்கான அத்தகைய கருவிகளில் ஒன்றான செம்கிரெப், தான் ஆதரிக்கும் எந்த மொழி நிரலையும் பொதுவான தொடரியல் மரமாக, அதாவது நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் கிளை வடிவமாக, மாற்றிக்கொள்கிறது. அதனால் பிழையைக் கண்டறியும் விதிகளை எழுதும் முறை எல்லா மொழிக்கும் ஒன்றாகிறது, புதியவர்களும் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். இன்னொரு கருவியான கோட்க்யூஎல், நிரலையே தரவுத்தளமாக்கி அதன் மீது வினவல்களை ஓட்டுவதால், வெளியிலிருந்து வரும் தரவு எங்கெங்கே பாய்கிறது என்பதை ஆழமாகத் தொடர்கிறது. ஆனால் வினவல் மொழி ஒன்றே என்றாலும் வினவல்கள் சார்ந்திருக்கும் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) மொழிக்கு மொழி வேறுபடுவதால், ஜாவாவுக்கு எழுதிய வினவலைப் பைத்தானுக்கு அப்படியே பயன்படுத்த இயலாது. ஆகவே, எத்தனை மொழிகளை ஆதரிக்கிறது என்ற எண்ணிக்கையை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே வகைப் பிழையை மூன்று மொழிகளிலும் நீங்களே எழுதிவைத்து, கருவி எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது, பிழையே இல்லாத இடத்தில் எவ்வளவு எச்சரிக்கிறது என்று பாருங்கள்.

என் கவலையெல்லாம் மொழிகள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லையைப் பற்றித்தான். ஜாவாவின் லாங் வகை 64 பிட் முழு எண்ணைத் தாங்கும். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகையோ 9007199254740991 வரைதான் எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்திருக்கும். அதற்கு மேற்பட்ட அடையாள எண் ஒன்றை ஜேசன் என்னும் தரவுப் பரிமாற்ற வடிவத்தின் வழியாக எண்ணாகவே அனுப்பினால், கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடக்கூடும். ஒருவருடைய பதிவுக்குப் பதிலாக இன்னொருவருடையது திறக்கலாம். இரு பக்க நிரலும் தத்தம் மொழியின் விதிப்படி சரியானவை என்பதால், தனித்தனியே பார்க்கும் கருவிகளுக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

இத்தகைய பிழைக்கு, எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய பண்பை எழுதிவைத்துத் தற்போக்கான பல மதிப்புகளால் அதைச் சோதிக்கும் பண்புவழிச் சோதனையே ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். 2000-இல் கிளாசனும் ஹியூசும் ஹாஸ்கெல் மொழிக்காக வெளியிட்ட இவ்வகைக் கருவியான குவிக்செக்கின் கருத்து இன்று பைத்தானில் ஹைப்பாதிசிஸாகவும், ஜாவாஸ்கிரிப்டில் ஃபாஸ்ட்-செக்காகவும், ஜாவாவில் ஜேக்விக்காகவும் கிடைக்கிறது. ஜாவாவில் தற்போக்காக உருவாக்கிய மதிப்பு ஜாவாஸ்கிரிப்டுக்குச் சென்று மாறாமல் திரும்ப வேண்டும் என்ற ஒரே பண்பை எழுதிவிட்டால், மிகப் பெரிய எண்களைச் சோதனையே தேடிக் கொண்டுவந்துவிடும்.

எனவே நான் பரிந்துரைப்பது இதுதான்: ஒவ்வொரு மொழிக்கும் அதற்கே உரிய கருவியை வைத்துக்கொண்டு, முடிவுகளை மட்டும் ஓரிடத்தில் சேருங்கள். 2020-இல் ஓயாசிஸ் அமைப்பு தரநிலையாக ஏற்ற சாரிஃப் வடிவம் இதற்கென்றே உள்ளது. எல்லைகளுக்கான சோதனைகளை உங்கள் குழுவே எழுத வேண்டியிருக்கும். அதற்குரிய நேரத்தை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீங்கள் எழுதிவைக்கும் பிழைகளில் பைத்தான் பகுதியின் முடிவுகளை எனக்கு அனுப்புங்கள். மாறிகளின் வகையை முன்கூட்டியே அறிவிக்காத நிரலில் இக்கருவிகள் எவ்வளவு தூரம் செல்கின்றன என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்